கூடைக்கு அடியில் சிரட்டைக் கரி

போன வாரம் இந்த மூலையில் நான் இல்லை. கவனித்தீர்களோ என்னவோ... இரண்டு வாசகர்கள் போன் எடுத்துக் கேட்டார்கள். ஒருவர் உடம்புக்கு என்ன என்று அக்கறையாக விசாரித்தார். மற்றவர், எனக்குப் பதிலாக வந்திருந்த வெங்காய ஊறுகாய்க் குறிப்பு அருமை, அதையே தொடர்ந்து போடலாமே என்றார். இருவருக்கும் நன்றி.

காரணம் இதுதான். போன வாரம் நான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் சுகந்தியும், அவள் பெற்று இருபத்திரண்டு நாளேயான பையனும் உள்ளே இருந்தார்கள். அவர்களை அங்கே அனுப்பியது கொசுவும் இல்லை, கிருமியும் இல்லை. நான்தான்.

பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

கண்டிக்காரர்களுக்கு வருஷக் கடைசி மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. வருகிறது, உட்காருகிறது, சாப்பிடுகிறது, படுத்துக்கொள்கிறது... சொல்லாமல் வந்த சொந்தக்காரர் மாதிரி. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மேட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் எட்டு நாளாகச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. உப்புப் போத்தலில் உப்பு தண்ணீராகிவிட்டது. தீப்பெட்டி நமுத்துப் போய், ஒரு குச்சி பற்ற ஆறு குச்சி செலவானது.

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் பச்சைப் பிள்ளை.

பச்சைப் பிள்ளை என்றால் என்ன? நெப்கின். பிள்ளை என்பது ஒரு பக்கம் பாலை ஊற்றினால் மறு பக்கம் நெப்கினை நனைக்கிற ஏற்பாடு. ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது. கடையில் விற்கிற டயபரைக் கட்டலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். என் மனைவி தவமணி ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் தோல் வெந்து போகும், பருத்தித் துணிதான் வேண்டும் என்று தீர்ப்பு. எங்கள் வீட்டில் அப்பீல் கோர்ட் கிடையாது.

ஆக, துவைத்த நெப்கின்கள் வீடு முழுக்கத் தொங்கின. கதிரை முதுகில், அலுமாரிக் கதவில், டிவியின் மேல். நான் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது அமைச்சரின் நெற்றியில் ஒரு நெப்கின் தொங்கியது. எதுவும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் போட்டுத் தேய்த்தால் ஆவி வந்தது, ஈரம் போகவில்லை.

கந்தோரில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன் நான். பென்ஷனில் வந்த பிறகு என் மூளைக்கு வேலையே கிடைப்பதில்லை என்று ஒரு குறை எனக்கு உண்டு. இதோ வேலை வந்துவிட்டது!

மழைக் காலத்தில் துணி காயவைக்க மலைநாட்டில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பழைய இரும்புத் தாச்சியில் தணலைப் போட வேண்டியது. அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்க்க வேண்டியது. கூடையின் மேல் துணியை விரித்தால், அரை மணித்தியாலத்தில் அப்பளம். கூடவே கொஞ்சம் சாம்பிராணி தூவினால் வாசனைக்கு வாசனை, பிள்ளைக்குச் சளியும் பிடிக்காது என்பார்கள்.

கூடைக்கு எங்கே போவது? தெல்தோட்டையில் இருக்கும் என் மைத்துனி, கொழுந்து எடுத்துப் பழசான கூடை ஒன்றைத் தந்து வைத்திருந்தாள். அதில் நான் பழைய பத்திரிகைகளைப் போட்டு வைத்திருந்தேன். கொட்டினேன். இஸ்திரிக் கடைக்குப் போய் ஒரு பை சிரட்டைக் கரி வாங்கினேன். பின்பக்கம் தாழ்வாரத்தில் தாச்சியை வைத்து, கரியைப் பற்றவைத்து, விசிறி விசிறி, புகை எல்லாம் போய்ச் செக்கச் செவேல் என்று தணலான பிறகுதான் வீட்டுக்குள் கொண்டு வந்தேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். புகை எல்லாம் போன பிறகுதான்.

ஏனென்றால் நான் பொறுப்பான ஆள். பச்சைப் பிள்ளை இருக்கிற அறைக்குள் புகையை விடலாமா? புகை ஒரு சொட்டு வந்தாலும் தாச்சியைத் திருப்பி வெளியே கொண்டு போய்விடுவேன். கண் எரியக் கூடாது, இருமல் வரக் கூடாது. அப்படிச் சுத்தமான தணல். தவமணிகூட எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டது நாலைந்து தடவைதான் இருக்கும்.

தாச்சியைச் சுகந்தியின் அறையிலேயே வைத்தோம். துணியும் காயும், அறையும் சூடாக இருக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் ரவி வந்தார். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வார நாளில் அங்கேயே தங்கிவிட்டு, விடுமுறைக்கு பஸ் பிடித்து வருவார். விஞ்ஞானப் பாடம் வேறு படிப்பிக்கிறவர். அவரும் என் ஏற்பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விசிறிக் கொடுத்துவிட்டு, திங்கள் விடியக்காலையில் பஸ் ஏறினார்.

அதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இப்போது தெரிகிறது. ஜன்னலுக்கு மேலே காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள் வைத்துக் கட்டியிருப்பார்களே, பழைய வீடுகளில்... எங்கள் வீட்டிலும் உண்டு. அந்தக் காலத்து மேசன் எனக்குத் தெரியாமல் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் அவரைத் தோற்கடித்தேன்.

அன்றைக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. ஓட்டை வழியாகச் சாரல் தெறித்தது. பிள்ளைக்கு நெஞ்சில் குளிர் ஏறிவிடும் என்று தவமணி பயந்தாள். நான் ஏணியைப் போட்டு ஏறினேன். கூடையிலிருந்து கொட்டிய பழைய பத்திரிகைகள் இருந்தனவே, அவற்றைச் சுருட்டிச் சுருட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் அடைத்தேன். என் பத்தி வந்த பக்கங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான்! ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினேன். கதவுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டேன். கீழே இறங்கி நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. ஒரு இலைகூட ஆடாத அறை.

அன்று பின்னேரம் சுகந்திக்குத் தலைவலி.

பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் இல்லை, தலை வலிக்காமல் என்ன செய்யும் என்றாள் தவமணி. நியாயம்தானே? அடுத்த நாள் காலையில் தவமணிக்கும் தலைவலி. அது பிரஷர் என்று அவளே முடிவு செய்து ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் எனக்கு. நான் மூக்குக் கண்ணாடியைக் குற்றம் சொன்னேன். நம்பர் கூடியிருக்கும். குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், கண்ணாடிக் கடை வாசலில் நிற்கும்போது பார்க்கிறேன், தலைவலியைக் காணோம். ஆகா, நடைப் பயிற்சி என்றால் இதுதான் என்று மகிழ்ந்து, கண்ணாடிக் கடைக்குள் போகாமலே திரும்பி வந்தேன். வந்து பேரன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். திரும்பவும் மண்டை இடித்தது.

ஒரே வீடு. மூன்று பேருக்குத் தலைவலி. மூன்று பேரும் மூன்று காரணம் வைத்திருந்தோம். மூன்றும் நல்ல காரணங்கள். அதனால் நாலாவது ஒன்றைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

தேடியது தெல்தோட்டை மைத்துனிதான். புதன்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தவள், வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும் சுகந்தியைப் பார்த்தாள், நெற்றியில் துணி கட்டியிருக்கும் அக்காவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்: கண்ணூறு. வந்து பார்த்தவர்கள் எல்லாம், பிள்ளை என்ன கலர், என்ன முடி என்று வாய் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டோடு சேர்த்துச் சுற்றிப் போட வேண்டும்.

சுற்றிப் போட என்ன வேண்டும்? உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு... அப்புறம் நெருப்பு. நெருப்புக்கு எங்கே போவது? அதுதான் அறைக்குள்ளேயே தயாராக இருக்கிறதே! போதாதென்று நான் ஓடிப் போய் இன்னும் இரண்டு கை கரி கொண்டு வந்து போட்டேன். மைத்துனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் சுற்றித் தாச்சியில் போட்டாள். நெடி வந்ததா என்று மோப்பம் பிடித்துவிட்டு, பாரேன், இத்தனை மிளகாய்க்கு நெடியே இல்லை, எவ்வளவு கண்ணு பட்டிருக்கிறது என்றாள். நான் இருமினேன். எங்கள் வீட்டில் என் இருமலைச் சாட்சியாக எடுப்பதில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் இந்த இடம் வரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

கண்ணூறு கழித்ததில் ஒரு பலன் தெரிந்தது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான். அதுவரை மணிக்கு ஒரு தரம் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவன், புதன் பின்னேரத்திலிருந்து அமைதி. எழுப்பிப் பால் கொடுத்தால் ரெண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே கண்ணை மூடிவிடுவான். மைத்துனி வெற்றியோடு தெல்தோட்டைக்கு பஸ் ஏறினாள். நாங்கள் என்ன சமத்துப் பிள்ளை, என்ன சமத்துப் பிள்ளை என்று மெச்சிக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலையில் ஆறு மணிக்கே நான் தாச்சியைப் புதுத் தணலோடு உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டேன். ஒன்பது மணி போல வாசலில் ஆள் சத்தம். மிட்வைஃப் மிஸ்.

இந்த நாட்டில் நாம் குறை சொல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன. அதில் இந்த மிட்வைஃப்மாரும் ஒன்று. பிள்ளை பிறந்த வீட்டுக்கு மழையோ வெயிலோ தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பகுதிக்கு வருகிறவர் சிங்களப் பெண். முன்பு பல வருஷம் புசல்லாவைத் தோட்டங்களில் வேலை செய்தவர். அதனால் என்னைவிட நல்ல தோட்டத் தமிழ் பேசுவார். அன்றைக்குக் குடையை மடக்கி, காலைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பிள்ளை எப்படி என்று கேட்டார். நான் பெருமையாக, நல்ல தூக்கம் மிஸ், விடிந்ததிலிருந்து சத்தமே இல்லை என்றேன்.

அவர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"கடைசியா பால் குடிச்சது எத்தன மணிக்கு?"

நான் தவமணியைப் பார்த்தேன். தவமணி, சுகந்தி கொடுத்திருப்பாள் என்றாள். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். சுகந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள், ஆனால் யார் கூப்பிட்டது என்று தேடுகிற மாதிரி ஒரு பார்வை. மிஸ் கூடையைப் பார்த்தார். மேலே ஓட்டைகளில் அடைத்திருந்த பத்திரிகைகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"இந்த ரூம்ல இருக்கிறவங்க எல்லாத்துக்கும் தலவலியா? வெளிய போனா சரியாகுதா?"

ஆமாம் என்றேன். கண்ணாடிக் கடை கண்ணுக்கு முன்னால் வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். பிள்ளையை ஒரு கையால் வாரி எடுத்தார். மறு கையால் சுகந்தியைப் பிடித்து எழுப்பினார். அவள் கால் துவண்டது. தவமணி ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். நான் முதலில் தாச்சியை எடுக்கக் குனிந்தேன். இருக்கட்டும், ஆளுங்க மொதல்ல வெளிய என்று ஒரு அதட்டல். வீட்டில் தவமணியைத் தவிர என்னை அதட்டியவர் அவர்தான். நால்வரும் முன் விறாந்தைக்கு வந்தோம். எந்தச் சாரல் பிள்ளை மேல் படக் கூடாது என்று நான் ஏணி ஏறினேனோ, அந்தச் சாரலில் மிஸ் பிள்ளையோடு நின்றார். உள்ளங்காலை விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடியும் சுண்டினார். ஒரு முனகல். அழுகை இல்லை, முனகல் மட்டும்.

 

திரீவீலரைக் கூப்பிட ஓடினேன். மிஸ் தடுத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். அதில்தான் ஒக்சிஜன் இருக்கும், இவர்களுக்கு இப்போது மருந்தே அதுதான் என்றார். மூக்கை ஒரு துணியால் பொத்திக்கொண்டு தானே உள்ளே ஓடி, டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில்தான், பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே, எனக்குப் பாடம் நடந்தது.

"பொக இருந்தா நீங்களே ஓடியாந்திருப்பீங்க ஐயா. இதுல பொக இல்ல, வாசன இல்ல, கண்ணு எரியாது. தணல்லருந்து வர்ற வாயு அது. ரத்தத்துல போய் ஒக்காந்துக்கிட்டு காத்த உள்ள விடாது. தூங்கிறமாதிரியே போயிருவாங்க."

கார்பன் மொனொக்சைட் என்று அதற்குப் பெயர். பெயர் எனக்குத் தெரியாதா? தெரியும். பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்பேன், யாரோ எங்கேயோ ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிட்டு இறந்து போனார்கள் என்று. அது ஜெனரேட்டரில் வருவது, கார் புகையில் வருவது. நம்ம சிரட்டைக் கரியில் வருமா? சாமிக்குத் தூபம் போடுகிற கரி ஆயிற்றே!

ஆஸ்பத்திரியில் பையனின் காலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அது. தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. டொக்டரிடம், நோர்மல்தானே என்று கேட்டும் விட்டேன். அவர் என் மகள் வயதுப் பெண். அந்தக் கருவியை இந்த வாயு ஏமாற்றிவிடும், அதை நம்ப முடியாது, இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முகத்தைவிடப் பெரிய மாஸ்க்கை அவனுக்குப் பிடிக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் சுகந்திக்கு ஒன்று. எனக்கும் தவமணிக்கும் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து, எங்களையும் கொஞ்ச நேரம் மாஸ்க் போட்டு உட்கார வைத்தார்கள்.

இரத்தத்தில் நிறையவே இருந்தது. யார் கரியைப் போட்டது என்று எழுதிக்கொள்ளக் கேட்டார்கள். அந்த அறையில் எத்தனை சத்தம்! ஆனாலும் தவமணி என் பக்கம் திரும்பாமல், நாங்கள் போட்டோம் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது. வாயு என்றதும் காஸ் சிலிண்டர்தான் லீக் என்று நினைத்துக்கொண்டு, ரெகுலேட்டரை மாற்று என்று ஆளுக்கு ஆள் போனில் யோசனை. நானும் சரி சரி என்றேன். சிலிண்டர் என்றால் கம்பனிமேல் பழி. கரி என்றால் என்மேல். கொஞ்ச நேரம் அந்தப் பொய்க்குள் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் ரவி வந்து சேர்ந்தார். புசல்லாவையிலிருந்து மழையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து நின்றேன்.  மன்னித்துவிடுங்கள் மருமகன், உங்கள் பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று... என ஆரம்பித்தேன். அவர் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானுந்தானே மாமா ஒக்காந்து விசிறிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பாடத்துல சொல்லிக் குடுக்கிறேன் இத. பரீட்சைக்குக் கேள்வியாக்கூடப் போட்டிருக்கேன்."

  பிறகு வார்டுக்குள் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. வார்டில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஆனால் ரவி எழுந்துவிட்டார். நர்ஸ் எட்டிப் பார்த்து, உங்கள் பிள்ளைதான், பசிக்கிறது போல, தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், பால் கொடுக்கலாம் என்றார். நான் அந்த வாங்கிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் சில மாதம் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். இப்போதைக்கு நன்றாக இருக்கிறான்.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டொக்டரிடம் நான் ஒரு பேரம் பேசினேன். கந்தோர் புத்தி போகுமா? ஜன்னலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சின்னத் தணல்... என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்றார். கதவையும் திறந்து வைத்தால்? அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். வீட்டுக்குள் கரி வேண்டாம், பெரிய தணலோ சின்னத் தணலோ, ஜன்னல் திறந்தோ மூடியோ, வேண்டாம் என்றார். தூபக்கால் புகைக்கும் அதே சட்டமாம். தவமணி தலையை ஆட்டினாள். அப்பீல் கோர்ட் இல்லாத இன்னொரு இடத்தைக் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டு ஏறி, ஓட்டைகளில் இருந்த பத்திரிகையை எல்லாம் பிடுங்கினேன். நெப்கின்கள் இப்போது விறாந்தைக் கொடியில் டேபிள் ஃபேன் காற்றில் ஆடுகின்றன. காயாத நாளில் கடை டயபர். பிள்ளையின் தோல் ஒன்றும் வெந்து போகவில்லை என்பதைத் தவமணி கவனித்திருக்கிறாள், ஆனால் இதுவரை வாயால் சொல்லவில்லை. தெல்தோட்டைக்கும் போன் போட்டு, நெடி வராததற்குக் காரணம் கண்ணூறு இல்லை, உங்கள் மூக்கு என்று விளக்கினேன். கரி விஷயத்தை ஒத்துக்கொண்டாள். கண்ணூறை விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்குத்தான் கண்ணு பட்டிருக்கு மாமா, அதான் புத்தி அப்புடிப் போயிருக்கு என்றாள். அதுவும் இருக்கலாம்.

இந்த வாயு வந்தால் கூச்சல் போடுகிற அலாரம் ஒன்று இருக்கிறதாம். ரவி தேடிக்கொண்டிருக்கிறார். நல்லதுதான். ஆனால் அலாரம் மாட்டிவிட்டுக் கரியை உள்ளே கொண்டு வரலாமா என்று கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டேன். பதிலை இங்கே எழுத முடியாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டரை எங்கே வைக்கிறீர்கள்? மழைக்கு நனைகிறது என்று குசினிக்குள்ளா? விறகடுப்பின் புகைக்கூடு அடைத்துப் போய் எத்தனை மாதம்? ஹுன்னஸ்கிரிய பக்கம் பங்களா எடுத்துத் தங்கப் போகிற இளைஞர்களே, கோழி சுட்டு முடிந்ததும் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தத் தணல் தட்டை அறைக்குள் எடுத்துப் போகிறீர்களா இல்லையா? வாகனத்தை ஸ்டார்ட் பண்ணி, கராஜ் கதவை மூடிக்கொண்டு, சூடேறட்டும் என்று நிற்கிறவர் யார்? எனக்குத் தெரியும், ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கும். என்னிடமும் இருந்தது. வீட்டில் ரெண்டு பேருக்கு மேல் ஒன்றாகத் தலை வலித்து, வெளியே போனால் சரியாகிவிட்டால், பிரஷரையும் கண்ணாடியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.

சுகந்தியும் பையனும் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமும் மழை. சும்மா இருக்க முடிகிறதா எனக்கு? திறந்து கிடக்கிற ஓட்டை வழியாகக் காற்று வருகிறது. கம்பளி போதுமா, காலுக்கு மேஸ் போட்டாயிற்றா, தொப்பி எங்கே என்று அறை வாசலில் நாலு தடவை போய் நின்றேன். ஐந்தாவது தடவை உள்ளே போய் அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. என்னம்மா செய்வது, பிள்ளைக்குக் குளிருகிறதே என்றேன்.

சுகந்திக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தவன் நான். அவள் சால்வையை விலக்கிக் கையை நீட்டினாள்.

"அவன இங்க குடுங்கப்பா. நான் சூடாத்தான் இருக்கேன்."

கொடுத்தேன். தாயின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டான், ஐந்து நிமிஷத்தில் கை வெதுவெதுத்துவிட்டது. இருபத்திரண்டு நாளாக அந்த அறையிலேயே இருந்த கணப்பு, புத்திசாலிக்குத்தான் தெரியாமல் போயிற்று.